இது உனக்கு அழகா?

தமிழில் ஒருவர் முகத்தைப் பார்த்து ‘அசிங்கம்’ என்று சொல்வதை அபூர்வமாகத்தான் கேட்க முடியும். ஆனால் அந்தச் சொல் நாள் முழுக்க நம் வாயில் புழங்குகிறது. குழந்தை அசிங்கம் பண்ணிவிட்டது என்றால் துணி மாற்ற வேண்டும். இருட்டில் அசிங்கத்தை மிதித்துவிட்டேன் என்றால் செருப்பைக் கழுவ வேண்டும். அசிங்க அசிங்கமாகத் திட்டினான் என்றால் என்ன திட்டினான் என்று மேற்கொண்டு கேட்கக் கூடாது. நாலு பேர் நடுவில் அசிங்கப்படுத்திவிட்டார்கள் என்றால் அது அவமானம். கடன் கேட்கவே அசிங்கமாக இருக்கிறது என்றால் அது கூச்சம். ‘கையெழுத்து இவ்வளவு அசிங்கமா இருக்கே’ என்கிற இடத்தில்தான் கண்ணால் பார்க்கும் ஒரு குறைக்கு வந்து சேர்கிறோம். முகத்துக்கு வருவது அதற்கும் அப்புறம்.

மலம், வசவு, அவமானம், கூச்சம் என்று எல்லாத் தெருவையும் சுற்றிவிட்டு வருகிற சொல் என்பதால்தான் அதை ஒரு முகத்தின் மேல் வைக்க நமக்கு மனம் வருவதில்லை என்று நினைக்கிறேன். ‘அவன் அசிங்கமா இருப்பான்’ என்று யாராவது சொன்னால் அதில் வர்ணனை கொஞ்சம், அருவருப்பு அதிகம். சொன்னவர் மேல்தான் நமக்கு முதலில் கோபம் வரும்.

அழகின் கதையும் ஏறக்குறைய இதுதான். ‘இது உனக்கு அழகா?’ என்று வீட்டில் பெரியவர்கள் கேட்டால் யாரும் கண்ணாடியைத் தேடிப் போவதில்லை. செய்த காரியம் உன் வயசுக்கும் படிப்புக்கும் நீ வளர்ந்த விதத்துக்கும் பொருந்துகிறதா என்பதுதான் கேள்வி. ‘வீட்டுக்கு வந்தவங்களை வாங்கன்னுகூடச் சொல்லாம உள்ளே போறது அழகில்லைப்பா.’ ‘பெரிய மனுஷன்கிட்ட இப்படியா பேசுவாங்க, நல்லாவா இருக்கு?’ இரண்டாவதில் அழகு என்ற சொல்லே இல்லை. ‘நல்லா’ வந்து அதே வேலையைச் செய்துவிட்டுப் போகிறது.

இது நேற்று முளைத்த பேச்சு வழக்கும் இல்லை. அதிவீரராம பாண்டியர் பதினாறாம் நூற்றாண்டில் எழுதிய வெற்றிவேற்கையின் தொடக்கம் முழுக்க இந்தப் பொருளில்தான் ஓடுகிறது. கல்விக்கு அழகு கசடற மொழிதல். செல்வர்க்கு அழகு செழுங்கிளை தாங்குதல். உண்டிக்கு அழகு விருந்தோடு உண்டல். சாப்பாட்டுக்கு என்ன அழகு என்று கேட்டால் நிறத்தையோ மணத்தையோ சொல்லாமல், பக்கத்தில் ஒரு விருந்தாளி இருப்பது என்கிறது அந்த வரி. எனக்கு மிகவும் பிடித்த வரி அது. ஆனால் அதே வரிசையில் வேதியர்க்கு ஒரு அழகு, மன்னவர்க்கு ஒன்று, வைசியர்க்கு ஒன்று, உழவர்க்கு ஒன்று என்று ஆளாளுக்குப் பிரித்துக் கொடுத்தும் வைத்திருக்கிறார். பொருந்துவதுதான் அழகு என்று வைத்துக்கொண்டால், யாருக்கு எது பொருந்தும் என்று வேறு யாரோ முன்கூட்டியே முடிவு செய்துவிட்டார்கள் என்றும் ஆகிறது. தமிழில் அழகு, அசிங்கம் என்று புழங்கும் அத்தனை சொற்களிலும் இந்தச் சிக்கல் ஒட்டிக்கொண்டே வருகிறது. அதைச் சொல்லத்தான் இந்தப் பதிவு.

பள்ளிக்கூடத்தில் படித்த நீதிநூல் பாட்டுகள் நினைவுக்கு வரலாம். ‘குஞ்சி அழகும் கொடுந்தானைக் கோட்டழகும் மஞ்சள் அழகும் அழகல்ல’ என்று தொடங்கி, கல்வி அழகே அழகு என்று முடிக்கும் நாலடியார். மயிர், மார்பு, உகிர், காது, பல் என்று ஒவ்வொன்றாகச் சொல்லி, சொல்லின் வனப்பே வனப்பு என்று முடிக்கும் சிறுபஞ்சமூலம். இடை, தோள், நடை, கழுத்து என்று போய் எண்ணோடு எழுத்தின் வனப்பே வனப்பு என்று நிற்கும் ஏலாதி. மூன்றும் ஒரே அச்சில் வார்த்தவை. மேடையில் சொன்னால் கைதட்டல் நிச்சயம். ஆனாலும் இந்தப் பாட்டுகள் மேல் எனக்கு ஒரு சின்ன சந்தேகம் உண்டு. சேலைக் கரையின் வளைவையும் நகத்தையும் காதையும் இவ்வளவு உன்னிப்பாக வரிசைப்படுத்துகிறவருக்கு அவை அழகாகப் படவில்லை என்று நம்ப முடியவில்லை. நன்றாக ரசித்துவிட்டுக் கடைசியில்தான் ‘இதெல்லாம் அழகல்ல’ என்று கையை உதறுகிறார்கள்.

சரி, பேச்சுக்கு வருவோம். பேச்சில் அழகு பெயர்ச்சொல்லாக வருவதைவிட ‘அழகா’ என்று வினைக்கு முன்னால் வந்து நிற்பதுதான் அதிகம். துணியை அழகா மடிச்சு வை. விஷயத்தை அழகா எடுத்துச் சொன்னார். பிரச்சினை வரும்னு தெரிஞ்சதும் அழகா நழுவிட்டான். எல்லாரும் ஓடியாடி வேலை செய்ய, நீ அழகா கால் நீட்டி உட்கார்ந்திருக்கே. முதல் இரண்டும் ஒழுங்கு, தெளிவு. மூன்றாவதில் சாமர்த்தியம், கூடவே கொஞ்சம் பொறாமை. நான்காவது திட்டு. ஒரே சொல் நாலு படி இறங்கிவிட்டது, கேட்பவர்களுக்கோ ஒரு குழப்பமும் இல்லை.

ஈழத் தமிழில் இந்த வேலையை ‘வடிவு’ செய்கிறது. வடிவான பிள்ளை என்றால் அழகான பிள்ளை. ஆனால் ‘வடிவாச் சாப்பிடுங்கோ’ என்றால் நன்றாக, வயிறாரச் சாப்பிடச் சொல்கிறார்கள். ‘வடிவாப் பாருங்கோ’ என்றால் கவனமாகப் பார்க்க வேண்டும். ‘வடிவாச் சொல்லு’ என்றால் தெளிவாகச் சொல்ல வேண்டும். கடலுக்கு இந்தப் பக்கம் வடிவு என்பது வெறும் உருவமாகவும் வடிவுக்கரசி, வடிவழகி போன்ற பெயர்களாகவும் ஒதுங்கிவிட்டது. அந்தப் பக்கம் அது இன்னும் அடுப்படியிலும் தெருவிலும் உயிரோடு நடமாடுகிறது. முதல்முறை ‘வடிவாச் சாப்பிடுங்கோ’ என்று கேட்கும் தமிழ்நாட்டுக்காரர் இலைக்கு முன்னால் ஒரு கணம் நிமிர்ந்து உட்கார்வார்.

அடுத்து லட்சணம். எனக்கு மிகவும் பிடித்தது இந்த இடம்தான். வடமொழி லக்ஷணத்துக்கு அடையாளம், குறி, வரையறை என்று பொருள். அது தமிழுக்கு வந்தபோது இரண்டு வாசல் வழியாக வந்தது. ஒரு வாசலில் ‘இலக்கணம்’ ஆயிற்று. நன்னூலும் வல்லினம் மிகும் இடங்களும் அந்த வழி. இன்னொரு வாசலில் ‘லட்சணம்’ ஆயிற்று. ‘பொண்ணு நல்ல லட்சணமா இருக்கா’ இந்த வழி. ஆக, லட்சணமான முகம் என்றால் இலக்கணப்படி அமைந்த முகம். எதிர்ப்பக்கம் ‘விகாரம்’. அதுவும் இலக்கண வகுப்பில் இருக்கிற சொல்தான். தோன்றல், திரிதல், கெடுதல் என்று மூன்று விகாரங்களை நன்னூல் சொல்கிறது. இரண்டு சொற்கள் சேரும்போது நடுவில் ஒரு மாற்றமும் இல்லை என்றால் இயல்புப் புணர்ச்சி, ஏதாவது மாறினால் விகாரப் புணர்ச்சி. விகாரம் என்றால் மாறுதல், அவ்வளவுதான். ‘மரம்’ என்பதும் ‘வேர்’ என்பதும் சேர்ந்து ‘மரவேர்’ ஆனால் ஒரு மகரம் கெட்டது என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடுவோம், யாரும் முகம் சுளிப்பதில்லை. அதே சொல்லை ஒரு முகத்துக்குச் சொன்னால் மட்டும் பார்க்கவே பயமாக இருக்கிறது என்று பொருளாகிவிடுகிறது.

அலங்கோலமும் கிட்டத்தட்ட இதே கணக்குதான். கோலம் என்றால் தோற்றம், ஒப்பனை, அழகு எல்லாம். மணக்கோலம் என்கிறோம். வீடு அலங்கோலமாகக் கிடக்கிறது என்றால் பொருள்கள் அசிங்கமானவை என்று யாரும் சொல்லவில்லை, இருக்க வேண்டிய இடத்தில் இல்லை என்பதுதான் புகார். எதெது எங்கெங்கே இருக்க வேண்டுமோ அங்கே இருந்தால் அழகு, இல்லாவிட்டால் அலங்கோலம். மூக்குக்கும் இதே விதி.

இந்தச் சொற்களுக்கு இன்னொரு குணம் உண்டு. கொஞ்சம் அழுத்தினால் அப்படியே கவிழ்ந்துவிடும். ‘அவன் வேலை செய்யுற அழகைப் பாரு’ என்றால் அவன் வேலையே செய்யவில்லை. ‘இந்த லட்சணத்துல எனக்குப் புத்தி சொல்ல வந்துட்டான்’ என்றால் அவனிடம் எந்த லட்சணமும் இல்லை. ‘நீ படிக்கிற லட்சணம்தான் மார்க்கிலேயே தெரியுதே.’ பெயரெச்சமோ சுட்டோ முன்னால் வந்து, அழகும் லட்சணமும் பெயராக நின்றாலே ஜாக்கிரதையாக இருக்க வேண்டும். பாராட்டு பெரும்பாலும் ‘அழகா’, ‘லட்சணமா’ என்று ஆகாரத்தில்தான் முடியும். இலக்கணப் புத்தகம் எதிலும் நான் பார்க்காத விதி இது. ஆனால் தமிழ் பேசும் குழந்தைக்குக்கூடத் தெரியும்.

பாகங்களின் பெயர்களிலும் இதே ஏற்ற இறக்கம் இருக்கிறது. ‘மூஞ்சி கழுவிட்டு வா’ என்றால் ஒன்றுமில்லை. ‘மூஞ்சியைப் பாரு’ என்றால் சண்டை. அதற்கும் கீழே மூஞ்சியும் மொகரையும் என்று ஒரு படி, முகரைக்கட்டை என்று இன்னொரு படி. ‘முகம்’ மட்டும் மேலே உட்கார்ந்திருக்கும், அதற்குத்தான் பொலிவும் களையும். குரூபி என்று ஒரு சொல் இருக்கிறதுதான், கதைகளில் வரும். சண்டையில் அதைத் தேடிக்கொண்டு யாரும் போவதில்லை. முகத்தை மூஞ்சியாக்கினாலே போதும்.

களை என்று சொன்னேன். பயிருக்கு நடுவே இருந்தால் பிடுங்கிப் போடுகிறோம். முகத்தில் இல்லை என்றால் வருத்தப்படுகிறோம். கண், மூக்கு, நிறம் என்று எதிலும் அடங்காத ஒன்றைச் சொல்ல நமக்கு இந்தச் சொல் தேவைப்படுகிறது. கல்யாணக் களை என்கிறோம், அது நாள் குறித்த பிறகு தானாக வந்து உட்காருமாம். கூட்டம் சேர்ந்தால் வீடு களைகட்டுகிறது. ஆக, களை பிறவியிலேயே கிடைத்த சொத்து இல்லை. வரும், போகும். உடம்பு முடியாமல் படுத்து எழுந்தால் முகத்தில் களை போய்விட்டது என்பார்கள், நாலு நாள் நன்றாகச் சாப்பிட்டால் திரும்பி வரும். அழகு சம்பந்தப்பட்ட சொற்களிலேயே நியாயமானது இதுதான் என்பது என் கட்சி.

ஆனால் இந்த நியாயமான சொல்லைத்தான் நாம் மிக மோசமான ஒரு வாக்கியத்தில் மாட்டிவைத்திருக்கிறோம்.

உறவில் ஒரு பையனுக்குப் பெண் பார்த்துக்கொண்டிருந்தார்கள். வாட்ஸப்பில் ஒரு போட்டோ வந்தது. பெரியம்மா மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு போனை வாங்கினார். இரண்டு விரலால் போட்டோவைப் பெரிதாக்கி, நெற்றியிலிருந்து கீழே நகர்த்திக்கொண்டே வந்தார். ஒன்றும் சொல்லவில்லை. சித்திதான் ஆரம்பித்தார். “பொண்ணு கருப்பா இருந்தாலும் களையா இருக்கா இல்லக்கா?” பெரியம்மா, “ம்… மூக்கும் முழியும் நல்லாத்தான் இருக்கு” என்றார். கொஞ்ச நேரம் கழித்து, “குடும்பப்பாங்கான முகம்” என்றார். அப்புறம் போனை மேஜையில் வைத்துவிட்டு, “பொண்ணு என்ன படிச்சிருக்குன்னு சொன்னே?” என்று கேட்டார். விஷயம் அதோடு முடிந்தது. அந்த அறையில் யாரும் ஒரு கெட்ட வார்த்தைகூடச் சொல்லவில்லை. சொன்னதெல்லாம் பாராட்டு.

‘இருந்தாலும்’ என்பதில் இருக்கிற அந்த ‘ஆலும்’தான் எல்லாவற்றையும் செய்தது. ‘செவப்பா இருந்தாலும் களையா இருக்கா’ என்று நான் ஒருமுறைகூடக் கேட்டதில்லை. செவப்பு என்றால் ‘செவப்பா, லட்சணமா’ என்று ஒன்றின் கையை ஒன்று பிடித்துக்கொண்டு வரும். செவப்பாக இருந்தும் பிடிக்கவில்லை என்றால், ‘செவப்பா இருக்காளே தவிர முகத்துல ஒரு களை இல்லை’ என்பார்கள். அதாவது வந்திருக்க வேண்டியது வரவில்லையாம். கருப்புக்கு ‘ஆலும்’, சிவப்புக்குத் ‘தவிர’. கருப்பு முகத்தில் களை இருந்தால் ஆச்சரியம், சிவப்பு முகத்தில் இல்லாவிட்டால் ஏமாற்றம். அழகுக்கும் அசிங்கத்துக்கும் எத்தனை சொற்கள் இருக்கின்றன என்று அகராதியில் தேடுவதைவிட இந்த இரண்டு இடைச்சொற்களைப் பார்த்தால் நாம் யார் என்று தெரிந்துவிடும். இதற்கு யாராவது உடனே ‘ஏன், கண்ணனே கருப்புதானே’ என்று சமாதானம் சொல்வார்கள். அந்தச் சமாதானத்தால் இதுவரை ஒரு கல்யாணமும் நடந்ததில்லை.

போட்டோ பிடிக்காதபோது வரும் சொற்களும் இப்படி மென்மையானவைதான். ‘சுமாரா இருக்கா’ என்பது அதில் முதலாவது. சுமார் பாரசீகத்திலிருந்து வந்த சொல், அங்கே அதற்கு எண்ணிக்கை, கணக்கு என்று பொருள். நம்மிடம் வந்து தோராயம் ஆயிற்று. சுமார் பத்து கிலோமீட்டர் என்றால் கொஞ்சம் கூடலாம், குறையலாம். சுமாரான முகம் என்றால் மட்டும் கூடவே கூடாது, குறைவுதான். ‘பரவாயில்லை’ அதற்கு ஒரு படி மேல். ‘குணமான பொண்ணு’ என்று தொடங்கினால் முகத்தைப் பற்றிய பேச்சு முடிந்துவிட்டது என்று தெரிந்துகொள்ளலாம். ஒருவரைப் பற்றி நல்லதாகச் சொல்லவே ஒரு வாக்கியம் இப்படி இன்னொன்றை மறைத்துக்கொண்டு வந்தால் என்ன செய்வது? குணத்துக்கும் மரியாதை இல்லை, முகத்துக்கும் இல்லை.

நிறத்தைப் பற்றி இன்னும் கொஞ்சம். வெள்ளைத் தோலைத் தமிழ் பெரும்பாலும் வெள்ளை என்று சொல்வதில்லை, கவனித்திருக்கிறீர்களா? வெள்ளைக்காரனுக்குத்தான் வெள்ளை. நம் ஆட்களுக்குச் செவப்பு, செக்கச்செவேல். வெளுப்பு என்பது நோய், பயம். முகம் வெளுத்துப்போச்சு, வெளிறிப்போச்சு என்றால் டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போக வேண்டும். இப்போதைய பேச்சில் ‘கலர்’ என்ற ஒரே சொல் போதும். ‘நல்ல கலரு’ என்றால் ஒரே ஒரு கலர்தான். ‘கலர் கம்மி’ என்றால் மற்ற எல்லாக் கலரும். அதைப்போல ‘கன்னங்கரேல்’. கூந்தலுக்குச் சொன்னால் எண்ணெய் விளம்பரம், ஆளுக்குச் சொன்னால் சண்டை. தலையில் ஒரு விலை, தோலில் ஒரு விலை.

எப்போதுமே இப்படித்தான் இருந்ததா என்றால், சங்கப் பாட்டில் வேறு மாதிரி இருக்கிறது. குறுந்தொகை 27ஆம் பாட்டில் வெள்ளிவீதியாரின் தலைவி புலம்புகிறாள். நல்ல பசுவின் பால் கன்றுக்கும் ஆகாமல், கலத்திலும் விழாமல், தரையில் சிந்திப் போவது போல, தன் அழகு தனக்கும் ஆகாமல், தலைவனுக்கும் உதவாமல், பசலை தின்னப் போகிறதே என்கிறாள். அந்த அழகுக்கு அவள் சொல்லும் பெயர் ‘மாமைக் கவின்’. மாமையை மாந்தளிர் நிறம் என்று உரைகாரர்கள் சொல்வார்கள். செம்மையும் கருமையும் கலந்த, ஈரம் மின்னும் ஒரு நிறம். பசலையோ உடம்பில் பரவும் மஞ்சள் வெளிறல். நிறம் வெளுக்க வெளுக்க அழகு போய்க்கொண்டிருக்கிறது, அதைத் தடுக்க முடியவில்லை என்று அழுகிறாள் அந்தப் பெண். இன்றைக்கு அதே வெளிறலுக்குத்தான் ட்யூப் ட்யூபாகக் க்ரீம் விற்கிறார்கள்.

அந்த ‘மா’ இன்னும் சாகவில்லை. மாநிறம் என்று மணமக்கள் தகவல் படிவத்தில் ஒரு கட்டமாக உட்கார்ந்திருக்கிறது. சிவப்புக்குக் கீழே, கருப்புக்கு மேலே. ஒரு காலத்தில் தொலைந்துபோகிறதே என்று அழுத நிறம், இன்று பாஸ் மார்க். ‘சிகப்பழகு’ என்று விளம்பரக்காரர்கள் ஒரு சொல்லைப் பரப்பினார்கள். வீட்டில் யாரும் பேச்சில் சொல்லாத சொல், ஆனால் தமிழ் தெரிந்த எல்லோருக்கும் பொருள் தெரியும். 1975இல் இந்தியச் சந்தைக்கு வந்த ஃபேர் அண்ட் லவ்லி, 2020இல் பெயரிலிருந்து ‘ஃபேர்’ஐ எடுத்துவிட்டு ‘க்ளோ’ என்று வைத்துக்கொண்டது. சிகப்பழகு போய்ப் பொலிவு வந்தது. பொலிவு நல்ல பழைய சொல், அதன் மேல் எனக்குக் கோபம் இல்லை. பெரியம்மா வீட்டு ‘ஆலும்’ மட்டும் அப்படியே இருக்கிறது.

ஆண்கள் விஷயத்தை வேகமாக முடித்துவிடலாம், ஏனென்றால் சொற்களே குறைவு. அழகன் என்று பேச்சில் யாரும் சொல்வதில்லை. கோயிலில் அழகர் இருக்கிறார், அவரோடு சரி. ஆணழகன் என்றால் மேடையில் எண்ணெய் பூசி நின்று தசையை முறுக்கிக் காட்டுகிறவர். மற்றவர்களுக்கு ஆங்கிலத்திலிருந்து வாங்கிக்கொண்டோம். ‘ஸ்மார்ட்டா இருக்கான்’ என்றால் பார்க்க நன்றாக இருக்கிறான், மூளையைப் பற்றிப் பேச்சே இல்லை. ‘நல்ல பர்சனாலிட்டி’ என்றால் உயரமாக, வாட்டசாட்டமாக இருக்கிறார் என்று பொருள், ஆள் எப்படிப்பட்டவர் என்பது தனிக் கதை. பெண்ணின் முகத்தை விட்டுக் குணத்துக்குத் தாவுகிற நாம், ஆணுக்குக் குணத்தைச் சொல்லும் சொல்லையே தூக்கி உடம்புக்கு மாட்டிவிட்டோம்.

‘அழகி’க்கு நேர்ந்ததுதான் பரிதாபம். உலக அழகி என்றால் கிரீடம். பத்திரிகையின் உள்பக்கத்தில் ‘அழகிகள் மீட்பு’, ‘அழகிகள் கைது’ என்றால் வேறு செய்தி. பாலியல் தொழில் செய்யும் பெண்களைக் குறிக்க நம் செய்தித்தாள்கள் கண்டுபிடித்த நாகரிகம் அது. கெட்ட சொல்லைத் தவிர்ப்பதாக நினைத்துக்கொண்டு நல்ல சொல்லைக் கெடுத்தார்கள். அந்தப் பெண்களுக்கும் அதனால் ஒரு மரியாதையும் கூடவில்லை, படிக்கிறவனின் கற்பனைக்குத்தான் தீனி. ஆண்கள் கைதானால் ‘அழகர்கள் கைது’ என்று போடுவார்களா?

தோற்றமும் அதிர்ஷ்டமும் கலந்துகிடப்பது இன்னொரு பக்கம். தலையை வாராமல் நின்றால் ‘மூதேவி மாதிரி நிக்காதே’. பொட்டு வைத்துப் பூ வைத்தால் ‘லட்சுமிகரமா’. பொறாமைக்காரனைச் செய்யவள் தன் தவ்வையிடம் காட்டிவிட்டு விலகிவிடுவாள் என்கிறது குறள். செய்யவள் திருமகள், சிவந்தவள். தவ்வை அவளுடைய அக்கா மூதேவி. வள்ளுவர் அழுக்காற்றைப் பற்றிப் பேசினார். நாம் அந்த அக்காவைப் பிடித்துவந்து, காலையில் தலை வாராத பெண்பிள்ளைகள் மேல் ஏவிவிட்டோம்.

இதே நம்பிக்கை இன்னொரு திசையில் இனிமையாகவும் திரும்பும். குழந்தை ரொம்ப அழகாக இருந்தால் அழகு என்று வாய்விட்டுச் சொல்லக் கூடாது. சொன்னால் கண் பட்டுவிடும். கன்னத்தில் கருப்பாக ஒரு பொட்டு வைத்து அந்த அழகில் வேண்டுமென்றே ஒரு குறையை உண்டாக்குவார்கள். லட்சணத்தில் கொஞ்சம் விகாரம். பிறந்த பிள்ளைகள் தங்காமல் போன வீடுகளில் அடுத்த பிள்ளைக்குக் குப்பை, பிச்சை என்று பெயர் வைத்தார்கள், எமனுக்கு ஆசை வராமல் இருக்க. குப்புசாமி, பிச்சைமுத்து எல்லாம் அந்தப் பயத்தின் வாரிசுகளாக இருக்கக்கூடும். கொஞ்சும்போதும் இப்படித்தான். ‘என் கருவாச்சி’, ‘அடி என் குட்டிப் பிசாசே’. வெளியார் சொன்னால் அடிதடி, பாட்டி சொன்னால் முத்தம். அசிங்கத்தின் சொற்களுக்கு நாம் கொடுத்திருக்கும் ஒரே மரியாதையான வேலை, காவல்.

எழில், கவின், வனப்பு, பொற்பு, ஏர் என்று இலக்கியத்தில் இருக்கும் சொற்களை இங்கே பட்டியல் போடப் போவதில்லை. அவற்றில் பாதி இப்போது பிள்ளைகளின் பெயராகவும் துணிக்கடைப் பலகையாகவும் நிம்மதியாக இருக்கின்றன. ஒன்றே ஒன்றைப் பற்றி மட்டும் சொல்ல வேண்டும். நலம். குறளில் 112ஆம் அதிகாரத்துக்கு ‘நலம்புனைந்துரைத்தல்’ என்று பெயர். தலைவியின் அழகை வர்ணிக்கும் பத்துக் குறள்கள். அங்கே நலம் என்றால் அழகு. கடிதத்தில் ‘நலம், நலமறிய ஆவல்’ என்று எழுதினால் உடம்பு சௌகரியம். பேச்சில் ‘நல்லா இருக்கியா?’ என்றாலும் சௌகரியம்தான், ‘இந்தச் சட்டை நல்லா இருக்கு’ என்றால் அழகு, ‘கச்சேரி நல்லா இருந்தது’ என்றால் இன்பம். புடவை கட்டிக்கொண்டு வந்து ‘எப்படி இருக்கேன்?’ என்று கேட்டால், தமிழ் வீடுகளில் பத்துக்கு ஒன்பது பேர் ‘நல்லா இருக்கு’ என்றுதான் சொல்வார்கள். ‘அழகா இருக்கே’ என்று சொல்ல என்னமோ வாய் கூசும். சொல்லப்போனால், அழகுக்கு நம் அன்றாடச் சொல் அழகே இல்லை. நல்லதுதான். அதிலும் அந்த ‘இருக்கே’ இல்லை, ‘இருக்கு’. நீ நன்றாக இருக்கிறாய் என்று சொல்லாமல், மொத்தமாக ஏதோ நன்றாக இருக்கிறது என்று எதிராளியின் பாதிப் பங்கைப் புடவைக்குக் கொடுத்துவிடும் கஞ்சத்தனம் வேறு எங்காவது உண்டா தெரியவில்லை.

இப்போதைய பிள்ளைகளுக்கு அந்தக் கூச்சம் இல்லை. அவர்களிடம் ‘க்யூட்’ இருக்கிறது, ‘செம’ இருக்கிறது. நாய்க்குட்டி, கைக்குழந்தை, போன் கவர், தாத்தாவின் பொக்கை வாய்ச் சிரிப்பு எல்லாமே க்யூட். பிடிக்காதது மொக்கை. ரொம்பவும் பிடிக்காதது ‘அட்டு’. பெரியவர்கள் இதற்கு வருத்தப்படுகிறார்கள். எனக்கு அவ்வளவு வருத்தம் இல்லை. க்யூட்டுக்கு இலக்கணம் கிடையாது, நிறக் கட்டம் கிடையாது, பல் இல்லாத வாய்க்கும் இடம் கொடுக்கிறது. ‘கருப்பா இருந்தாலும் க்யூட்டா இருக்கா’ என்று எந்தச் சின்னப் பெண்ணும் சொல்லி நான் இன்னும் கேட்கவில்லை. அப்படி ஒன்று வராது என்று உறுதி சொல்ல மாட்டேன். நாளைக்கே வந்துவிடலாம்.

தோற்றத்தைச் சொல்லும் வேலையை அந்தச் சொற்கள் எடுத்துக்கொண்டு போவதால் ‘அழகு’க்குக் கொஞ்சம் ஓய்வு கிடைத்திருக்கிறது. அதன் பழைய உத்தியோகத்தை மட்டும் க்யூட்டால் பிடுங்க முடியவில்லை. பக்கத்து வீட்டுப் பெண் காலேஜில் படிக்கிறாள். வாய்க்கு வாய் க்யூட் சொல்கிறவள். தம்பி அவளுடைய போனை ஒளித்துவைத்துவிட்டுத் தெரியாது என்று சாதித்த அன்று, மாடிப்படியில் நின்று அவள் போட்ட சத்தம் எங்கள் வீடு வரை கேட்டது. “டேய், பொய் வேற சொல்றியா? அசிங்கமா இல்ல உனக்கு?”